ரெமி மச்சான் கூப்பிட்ட வாத்துகள்

எங்கள் தீவிலிருந்து விமானம் ஏறுகிற எவரும் முதலில் ரெமி மச்சானின் எடைமேடையில் ஏறி நிற்க வேண்டும். வருவது சின்ன விமானம். ஆளின் எடை, மூட்டையின் எடை, மடியில் இருக்கும் குழந்தையின் எடை எல்லாவற்றையும் கூட்டி விமானியிடம் சொல்லியாக வேண்டும். மற்றவர்கள் ஏறினால் முள் ஒழுங்காக நிற்கும். நான் ஏறினால் மட்டும் எகிறும்.

“ஐயையோ, எல்லாரும் வீட்டுக்குப் போங்க. கொழுந்தியா ஏறிட்டா. இன்னைக்குப் பிளேன்ல வேற யாருக்கும் எடமில்ல.”

“காலை எடு மச்சான்.”

“எந்தக் காலு?”

எனக்குப் பின்னால் நின்று, தன் ரப்பர் பூட்ஸை மேடையின் ஓரத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கேட்பார். கொட்டகையில் காத்திருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனையோ முறை பார்த்த வேடிக்கைதான். ஆனாலும் சிரிப்பார்கள். நான் முழங்கையால் அவர் வயிற்றில் இடித்த பிறகுதான் முள் கீழே வரும்.

ரெமி மச்சான் என் அக்கா ஜெர்மேனின் கணவர். ஆற்றின் மேல்பக்கத்து ஊரிலிருந்து எங்கள் தீவுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். எங்கள் ஜனங்களில் அக்கா புருஷனும் கொழுந்தியாவும் பேசிக்கொள்வதென்றால் அது கேலிதான். ஒருவரை ஒருவர் வாரலாம், ஏமாற்றலாம், பொய் சொல்லலாம், ஊரறிய மானத்தை வாங்கலாம். யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அவர்தான் தோற்றவர். அதற்கு நேர்மாறாக, மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துப் பேசக் கூடாது. என் அம்மாவுக்கு விறகு வேண்டுமென்றால் அக்காவிடம், “அந்த மனுஷனுக்கு நேரமிருக்குமா?” என்று கேட்பாள். அந்த மனுஷன் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து மீன் தின்றுகொண்டிருப்பார். அக்கா திரும்பி, “விறகு வேணுமாம்” என்பாள். “நாளைக்குக் கொண்டாறேன்னு சொல்லு” என்பார். அக்கா அதையும் அம்மாவிடம் சொல்வாள். இப்படியே எங்கள் வீட்டில் பேச்சு நடந்தது. யாருக்கும் இது கஷ்டமாகத் தெரிந்ததில்லை. நடுவில்தான் ஜெர்மேன் இருந்தாளே.

ஓடுதளம் தீவின் மேல்முனையில் இருக்கிறது. சரளைக்கல் பாவிய நீண்ட மேடு. ஒரு கொட்டகை, அதற்குள் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு, வெளியே கம்பத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப் பை. கோடையில் படகில் போய்விடலாம். ஆறு உறைந்துவிட்டால் பனியின் மேலேயே வண்டி ஓட்டிக்கொண்டு போகலாம். இரண்டுக்கும் நடுவே, பனிக்கட்டி உடைந்து பாளம் பாளமாக இடித்துக்கொண்டு ஓடும் வசந்தத்திலும், மறுபடி உறையத் தொடங்கும் நாட்களிலும், அந்தச் சரளை மேட்டைத் தவிர எங்களுக்கு வேறு வாசல் கிடையாது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை மச்சானுடையது. பனியைத் தள்ளுவார், குழியை நிரப்புவார், நாய்களை விரட்டுவார், விளக்குகளைத் துடைப்பார். மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, காற்று எங்கிருந்து அடிக்கிறது, தளம் கடைசிவரை தெரிகிறதா என்று ரேடியோவில் விமானிக்குச் சொல்வார். ரேடியோவில் பேசும்போது மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பாதிரியார் மாதிரி பேசுவார். அக்கா அதைப் பேசிக் காட்டுவாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாத்துகளைக் கூப்பிடுவதில் அவருக்கு இணை இந்தக் கரையில் யாரும் இல்லை.

எங்கள் ஆண்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். பெண்களும்தான். நடக்கப் பழகும் குழந்தைகூட வானத்தைப் பார்த்து “ஹங்க்” என்று ஒரு சத்தம் போடும். ஆனால் காட்டு வாத்துக்கு அது மனிதர் போடும் சத்தம் என்று தெரியும். தலையைத் திருப்பாமல் போய்விடும். மச்சான் கூப்பிட்டால் கூட்டம் அப்படியே வளையும். தனியாகப் பிரிந்த பெட்டையின் குரல், கீழே இரை இருக்கிறது என்று அழைக்கும் கிழட்டு வாத்தின் குரல், எல்லாம் அவரிடம் இருந்தன. கையைக் குவிக்காமல், உதட்டை லேசாகக் கோணிக்கொண்டு கூப்பிடுவார். இறங்கி வருகிற வாத்துகள் கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு வரும். நம்பி வருகிறதென்று அதைப் பார்த்தாலே தெரியும்.

“உன் புருஷன் உன்னையும் இப்படித்தான் கூப்பிட்டானா?” என்று ஊர்ப் பெண்கள் அக்காவைக் கேட்பார்கள்.

“இல்ல, நான்தான் கூப்பிட்டேன். காலை நீட்டிக்கிட்டு வந்து விழுந்தாரு” என்பாள்.

அந்த வசந்தத்தில் நான் தெற்கே டிம்மின்ஸ் நகரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வாத்துகள் திரும்பி வந்து எல்லோரும் வேட்டைக்குப் போகிற வாத்து மாதத்துக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் மூடிவிடும்; அப்போது ஊருக்கு வருவது எனக்கும் வழக்கம். அக்காவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத் தங்கிய கரு. ஆறு அப்போதுதான் உடைந்திருந்தது. ராத்திரியெல்லாம் பனிப்பாளங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முறிகிற சத்தம்.

காலையில் அக்காவுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. சுகாதார நிலையத்து நர்ஸ் தன்னால் முடிந்ததெல்லாம் செய்தாள். பிறகு வெளியே வந்து என்னிடம், “இங்க வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. இன்னைக்கே தெற்கே போயாகணும். சாயங்காலத்துக்குள்ள” என்றாள். ஹெலிகாப்டர் கேட்டுப் பார்த்தார்கள். இந்த மேகத்தில் அது கிளம்பாது என்றார்கள். விமானம் ஒன்று வருகிறதென்று செய்தி வந்ததும் அக்காவை வேனில் படுக்கவைத்து ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம்.

மேகம் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் தீவின் மேல் கொஞ்சம் திறந்திருந்தது. தளம் கடைசிவரை தெரிந்தது. காற்றுப் பை அசையாமல் தொங்கியது. மச்சான் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு தளத்தின் ஓரத்தில் நின்றார். வேனின் பின்கதவு திறந்திருந்தது. அக்காவின் தலை என் மடியில் இருந்தது. அம்மா வேனுக்கு வெளியே நின்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் கேள்விப்பட்டு ஊரில் பாதிப் பேர் வந்து கொட்டகைப் பக்கம் நின்றார்கள்.

“தளம் முழுக்கத் தெரியுது” என்று மச்சான் ரேடியோவில் சொன்னார். பாதிரியார் குரல்தான்.

“பாரு, பிரசங்கம் ஆரம்பிச்சாச்சு” என்றாள் அக்கா. உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் தெற்கிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. விமானம் என்று நினைத்தோம். விமானம் இல்லை. அந்த வருஷத்தின் முதல் வாத்துக் கூட்டம்.

முதல் கூட்டத்தைக் கண்டால் நாங்கள் சும்மா இருக்க மாட்டோம். எங்கே இருந்தாலும், என்ன வேலையாக இருந்தாலும், தலையைத் தூக்கி ஒரு குரல் கொடுத்தாக வேண்டும். பனிக்காலம் முழுதும் உயிரோடிருந்தோம், நீங்களும் வந்து சேர்ந்தீர்கள் என்று சொல்வது மாதிரி. யோசித்துச் செய்வதில்லை. தும்மல் மாதிரி வருவது. கொட்டகைப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஜெபமாலையை நிறுத்திவிட்டு அம்மாவும் கூப்பிட்டாள். வாத்துகள் யாரையும் சட்டை செய்யாமல் வடக்கே போய்க்கொண்டிருந்தன.

“வந்துட்டாங்க” என்றாள் அக்கா, என் மடியிலிருந்து.

மச்சான் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் சிரிப்பதைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, உதட்டைக் கோணி, கூப்பிட்டார்.

கூட்டம் வளைந்தது. அப்படியே ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, கால்களை நீட்டிக்கொண்டு இறங்கியது. ஓடுதளத்தின் நடுவில் பனி உருகித் தேங்கியிருந்த தண்ணீரில், ஒன்றன்பின் ஒன்றாக. தளமே கறுத்துப்போகிற அளவுக்கு.

எஞ்சின் சத்தம் அப்போது கேட்டது.

மச்சான் ஓடினார். கையை வீசிக்கொண்டு, கத்திக்கொண்டு ஓடினார். ரேடியோ கையிலிருந்து நழுவிச் சேற்றில் விழுந்தது. எல்லோரும் ஓடினோம். வாத்துகள் இரண்டடி எழும்பி மறுபடி உட்கார்ந்தன, களைத்துப்போய் வந்தவை. ஆற்றின் மேல் கிடந்த மேகத்துக்குள் எஞ்சின் சத்தம் இறங்கி, இறங்கி, எங்களுக்கு மிகப் பக்கத்தில் வந்தது. பிறகு திடீரென்று உறுமிக்கொண்டு மேலே போயிற்று. தேய்ந்தது. தெற்கே போய்விட்டது.

கடைசி வாத்து எழும்பிப் போனபோது தளம் சுத்தமாக, கடைசிவரை தெரிந்தபடி கிடந்தது. மச்சான் அதன் நடுவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைத்தூறல் தொடங்கியது. பிறகு மேகம் முழுதுமாக இறங்கி மூடிக்கொண்டது. வெளிச்சம் போவதற்குள் அக்காவும் போய்விட்டாள்.

மறுநாள் வானம் வெளுத்து வேறொரு விமானம் வந்தது, வேறொரு விமானியோடு. அதில் ஏற்ற ஆளில்லை.

யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் இப்படிப்பட்டதைச் சொல்ல மாட்டார்கள். அடக்கம் முடிந்து எல்லோரும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். வாத்து சூப் மட்டும் யாரும் கொண்டுவரவில்லை. அதுவே போதும்.

மச்சான் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. வேட்டைக்குப் போனார்; எல்லோரோடும் சேர்ந்து மறைப்புக்குள் உட்காருவார், துப்பாக்கியைத் துடைப்பார், தேநீர் போடுவார். வாயைத் திறக்க மாட்டார். வாத்து மாதத்தில் விமானம் வருகிறதென்றால் வெகுநேரம் முன்பே போய்த் தளத்தில் மேலும் கீழும் நடப்பார். தூரத்தில் ஒரு வாத்து தெரிந்தாலும் வானத்தை நோக்கிச் சுடுவார். தளத்தில் தண்ணீர் தேங்கவே விடமாட்டார். ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தேங்கினாலும் சரளையைக் கொண்டுவந்து கொட்டுவார். தெற்கிலிருந்து பார்வையிட வந்தவர்கள் இவ்வளவு நல்ல சரளைத் தளம் வேறெங்கும் இல்லை என்றார்கள். அவர் தலையாட்டினார்.

என்னோடு கேலி மட்டும் நிற்கவில்லை. சில மாதங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம். பிறகு ஒருநாள் கல்லூரிக்குத் திரும்ப எடைமேடையில் ஏறினேன். முள் எகிறியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன்.

“காலை எடு மச்சான்” என்றேன்.

“எந்தக் காலு?” என்றார். கொட்டகையில் எல்லோரும் தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார்கள்.

நானும் விடவில்லை. டிம்மின்ஸில் என்னோடு படித்த ஒருவனை விட்டு மச்சானுக்குப் போன் பண்ணச் சொன்னேன். விமானத் துறையிலிருந்து பேசுவதாகவும், அடுத்த வாரம் பெரிய மனிதர் ஒருவர் வருவதாகவும், சரளைக்கல் எல்லாவற்றையும் கழுவிவைக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான். மச்சான் சந்தேகப்பட்டு என்னைக் கேட்டபோது, உண்மைதான் என்று சத்தியம் பண்ணினேன். மச்சான் வாளியோடு தளத்தில் நின்றதை ஊரே பார்த்தது. இன்னொரு முறை ஒரு பெண்ணை விட்டு, மச்சானின் குரல் ரேடியோவில் அழகாக இருக்கிறது, பாட வருவீர்களா என்று கேட்கவைத்தேன். அதன் பிறகு தெற்கிலிருந்து யார் ஆங்கிலத்தில் போன் பண்ணினாலும், “கொழுந்தியா பக்கத்துல இருக்காளா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அக்கா இறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, படிப்பெல்லாம் முடித்து எங்கள் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். ஒரு பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது டிம்மின்ஸ் விமான நிலையத்தில் பனிப்புயலால் மாட்டிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் விமானி உடையில் ஒருவர், முன்தலை வழுக்கை, காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். டேரில் என்று பெயர். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். கோப்பையைக் கீழே வைத்தார்.

“அந்தத் தீவுக்கு ஒரு தடவை வந்துட்டு இறங்க முடியாமத் திரும்பிப் போனேன். ஒரு அம்மாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன். அவங்க பொழைக்கலன்னு அப்புறம் சொன்னாங்க. இன்னும் மறக்கல.”

“அது என் அக்கா” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “உங்க மேல ஒண்ணும் தப்பில்ல. வாத்துங்க நடுவுல உட்கார்ந்துகிட்டா நீங்க என்ன பண்ணுவீங்க” என்றேன்.

“எந்த வாத்து?” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே கேட்டார்.

“ரன்வேல இறங்குச்சே. கூட்டமா. அதைப் பாத்துத்தானே மேல தூக்கினீங்க?”

“நான் ரன்வேயவே பாக்கலம்மா. மேகத்தை விட்டு வெளிய வரவே இல்ல. ஒரு உயரம் வரைக்கும்தான் தரை தெரியாம இறங்கலாம். அதுவரைக்கும் எறங்கினேன். அதுக்குக் கீழயும் கொஞ்சம் எறங்கினேன், சொல்லக் கூடாது. ஆறுகூடத் தெரியல. எல்லாம் வெள்ளை. கீழ இருந்து ஒருத்தர் தளம் முழுக்கத் தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத் தெரியலயே.”

ஆறுதலுக்காகச் சொல்லியிருப்பாரோ என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். இல்லை. வாத்து வந்ததே தெரியாதவர் எதற்கு ஆறுதல் சொல்வார்?

அந்தப் புயல் எப்போது நிற்கும் என்று தவித்தேன். ஊருக்கு வந்து இறங்கியதும் மூட்டையைக்கூட எடுக்கவில்லை. மச்சான் விமானத்தின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், அந்த விமானியப் பாத்தேன். அன்னைக்கு வந்தவரு. அவர் வாத்தையே பாக்கல.”

அவர் குனிந்தபடியே இருந்தார்.

“மேகத்துல அவருக்கு ரன்வே தெரியல. வாத்து இல்லாட்டியும் திரும்பித்தான் போயிருப்பாரு. நான் வாத்துன்னு சொன்னதும், எந்த வாத்துன்னு கேக்குறாரு.”

அவர் நிமிர்ந்தார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு கணம் ஏதோ அசைந்தது. பிறகு மெல்ல அந்தப் பழைய கோணல் சிரிப்பு வந்தது.

“நல்லாயிருக்கு” என்றார். “கழுவின கல்லவிட இது நல்லாயிருக்கு புள்ள.”

“கேலி இல்ல மச்சான். சத்தியமா.”

“நீ சத்தியம் பண்ணின அன்னைக்குத்தானே நான் வாளி தூக்கினேன்.”

நான் அழுதேன். அவர் என் தோளைத் தட்டி, “போதும் போதும், நீ ஜெயிச்சுட்ட” என்றார். கேலி எல்லை மீறிவிட்டது என்றும், அதற்காக நான் வருந்துகிறேன் என்றும் அவர் நினைத்தார். கோபப்படவில்லை. கோபப்படக் கூடாதல்லவா.

டேரிலிடம் போன் எண் வாங்கி வைத்திருந்தேன். நீங்களே அவரிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர், அன்றே பண்ணினார். பிறகு என்னை அழைத்து, “ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள சிரிச்சாரு. நல்லா நடிக்கிறீங்க, என் கொழுந்தியாகிட்ட சொல்லுங்கன்னு வச்சுட்டாரு. மறுபடி பண்ணினேன், எடுக்கல” என்றார். சில வாரங்களில் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த எண்ணும் பிறகு வேலை செய்யவில்லை.

வேறு யாரைச் சொல்லச் சொல்வது? மச்சானுக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. ஊரில் ஒரு ஆள் போய் அந்த நாளைப் பற்றி அவரிடம் பேச மாட்டான். அப்படிப் பேசினால், அன்று நீ கூப்பிட்டது எங்களுக்கெல்லாம் தெரியும் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அம்மாவிடம் போனேன்.

“நான் எப்படிடி அந்த மனுஷன்கிட்டப் பேசுவேன்?”

“இந்த ஒரு தடவை.”

“உங்க அக்கா இருந்தா சொல்லச் சொல்லியிருப்பேன்” என்றாள் அம்மா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மச்சான் மீன் கொண்டுவந்து வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று, கொதிக்கிற கெட்டிலிடம் பேசினாள்.

“எம்பொண்ணு போனது வாத்தால இல்லையாம். மேகத்தாலதானாம். சின்னவ சொல்றா.”

என் அம்மா தன் வாழ்நாளில் செய்த பெரிய காரியம் அது. மச்சான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் கெட்டிலைப் பார்த்துத்தான் பேசினார், மிகுந்த மரியாதையோடு.

“சின்னவ சொல்றாளாம். பெரியவங்களையும் ஏமாத்திட்டா. கெட்டிலே, நீயாவது நம்பாத.”

அம்மா சிவந்த மூக்கோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்போது ஒரு சந்தேகம் இருந்தது. அவள் பெற்ற பெண் நான். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நான் மறுபடியும் மறுபடியும் சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறையாவது, வாத்து மாதத்தில். அவர் அதையே என்மேல் திருப்பினார். தளத்தில் வாத்து உட்கார்ந்திருக்கும்போது நான் பள்ளிப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனால், துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு உரக்கக் கேட்பார்: “எந்த வாத்து?” பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பிறகு ஊரே பிடித்துக்கொண்டது. கடையில் மிட்டாய் டப்பாவுக்குள் கைவிட்டு மாட்டிக்கொண்டவன் “எந்த வாத்து?” என்றான். குடித்துவிட்டு வந்தவன் பெண்டாட்டியிடம் “எந்த வாத்து?” என்றான். இதெல்லாம் எங்கிருந்து வந்ததென்று இளசுகளுக்குத் தெரியாது. ரெமி கிழவரின் வேடிக்கை, அவ்வளவுதான்.

வேடிக்கை பேசிவிட்டு அவர் தளத்துக்குப் போவார். சரளை கொட்டுவார். வானத்தை நோக்கிச் சுடுவார்.

இந்தப் பிப்ரவரியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்றே இல்லை. விமானம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து, அவர் சீராக்கிவைத்த தளத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கியது. இப்போது அந்த வேலையைப் பார்க்கிற ஜோனஸ் அவரை ஸ்ட்ரெச்சரோடு எடைமேடையில் வைத்தான். நான் என் பூட்ஸை ஓரத்தில் வைத்து அழுத்தினேன்.

“என்ன, இவ்வளவு கனம்?” என்றான் ஜோனஸ்.

மச்சான் கண்ணைத் திறக்காமலேயே, “காலை எடு புள்ள” என்றார்.

“எந்தக் காலு?” என்றேன்.

சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்தது. ஸ்ட்ரெச்சரை விமானத்தின் கதவுவரை தள்ளிக்கொண்டு போனேன். இனி சொல்ல வேளை கிடைக்காது என்று தோன்றியது. அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

“மச்சான். அவர் ரன்வேயவே பாக்கல. நீ கூப்பிட்டது அக்காவுக்குப் புடிச்சிருந்தது. அவ சிரிச்சா. அவ்வளவுதான் நடந்தது. வேற ஒண்ணும் நடக்கல.”

அவர் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தார். உறை போட்ட கை. சரளைக்கல் மாதிரி கனமாக இருந்தது.

“கடைசி வரைக்கும் விடமாட்டேங்கிறியே” என்றார் பாசமாக. “உன்ன மாதிரி ஒரு கொழுந்தியா யாருக்குக் கிடைக்கும்.”

கதவை மூடினார்கள்.

தெற்கு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டார். பெட்டி அதே விமானத்தில் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் வைத்தோம். ஊர் முழுவதும் வந்தது. மூஸ் மான் குழம்பு, பானக் ரொட்டி, பெரிய பானைகளில் தேநீர். எங்களில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செத்தவரைப் பற்றி வேடிக்கைக் கதைகள் சொல்வார்கள். துக்கம் கனத்துப்போய் ஆளை இங்கேயே பிடித்து வைத்துவிடாமல் இருக்க வேண்டும். கொழுந்தியா இருந்தால் அவள்தான் முதலில் சொல்ல வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா முன்வரிசையில், சக்கர நாற்காலியில் இருந்தாள். பெட்டிக்குள் கிடந்த மருமகனை அவளால் இப்போது நேராகப் பார்க்க முடிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்து நின்றேன். வேடிக்கை சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பெட்டியில் அவர் வாய் மூடிக் கிடந்ததைப் பார்த்தேன். உதடு நேராக இருந்தது. அந்தக் கோணல் இல்லை. ஊருக்காவது தெரியட்டும் என்று தோன்றியது. அவர் கேட்காவிட்டால் என்ன, இத்தனை பேர் கேட்கட்டும்.

“என் அக்கா போன அன்னைக்கு வந்த விமானியை நான் பாத்துப் பேசினேன்” என்றேன். “மச்சான் வாத்தைக் கூப்பிட்டதால அவர் திரும்பிப் போகல. அவர் வாத்தைப் பாக்கவே இல்ல.”

அன்று தளத்தில் நின்றிருந்த பழையவர்கள் சிலர் என்னை உற்றுப் பார்த்தார்கள். ஒரு முகத்தில் ஏதோ மாறுவது போலிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் லேசாகச் சிரித்தபடி, ரொட்டியைக் கையில் பிடித்தபடி, வேடிக்கை எங்கே வரப்போகிறது என்று காத்திருந்தார்கள்.

“நான் அவர்கிட்ட வாத்துன்னு சொன்னேன்” என்றேன். “அதுக்கு அவர்...”

பின்வரிசையிலிருந்து ஒரு இளங்குரல் எழுந்தது, அப்படியே மச்சான் மாதிரி இழுத்து: “எந்த வாத்தூ?”

கூடம் வெடித்தது. பிள்ளைகள் தரையில் புரண்டார்கள். கிழவர்கள் தொடையில் தட்டினார்கள். உற்றுப் பார்த்த அந்த முகமும் சிரிப்பில் கரைந்துபோனது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஜோனஸ் எனக்குக் கைதட்டினான். இதைவிட நல்ல ஆரம்பம் யாராலும் கொடுத்திருக்க முடியாது என்பது மாதிரி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்ததைச் சொல் என்றார்கள்.

சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு எடைமேடையின் ஓரத்தில் அவர் கால் வைக்கிற கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.